பயமில்லாதவர்தான் துணிச்சல்காரரா?

9 ஜூன் 2024, இரவு

இன்றைய கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் சொன்னது:

"துணிச்சல் என்றால் பயம் இல்லாமல் இருப்பது. நடுங்கிக்கொண்டே ஒருவர் ஒரு காரியத்தைச் செய்தால், வேறு வழியில்லாமல் செய்தார் என்றுதான் அர்த்தம். அது பிறவியிலேயே வருவது. சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இதில் பேச என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். இந்த மாதப் பொருள் துணிச்சல். தம்பி இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நூலகர் கதவைப் பூட்ட வந்துவிட்டதால் பாதியில் நின்றது. மிச்சத்தை இந்த இணைய இழையில் எழுதுகிறேன்.

லைன்மேன் அண்ணன் சொன்னதை முதலில் எழுதிவிட வேண்டும். அவர் பேசியபோது பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 11 கேவி (11,000 வோல்ட்) லைனிலேயே காலம் கழித்தவர். "கம்பத்தில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம் இருந்தது. கடைசி நாள் வரைக்கும் இருந்தது. பயம் விட்டுப்போனவனோடு என்னை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று உதவிப் பொறியாளரிடமே சொல்லியிருக்கிறேன்" என்றார்.

மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்த இரவில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டு எல்சி, அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற உறுதி, வாங்க வேண்டும். அந்தப் பக்கம் ஆபரேட்டர் அந்த லைனுக்கு மின்சாரம் தரும் பீடரை நிறுத்திவிட்டு, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, "லைன் கிளியர்" என்று சொல்ல வேண்டும். இங்கே கம்பத்தில் உள்ள ஏபி ஸ்விட்சைத் திறந்து லைனைத் துண்டித்து, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். அப்போதும் எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து ரிட்டர்ன் சப்ளை, அதாவது எதிர்ப்பக்கமிருந்து மின்சாரம், வரலாம். இத்தனையையும் ஒருவரைச் செய்ய வைப்பது பயம்தான். அதே இரவில் அவரை ஏற வைப்பதும் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

10 ஜூன்

தம்பி, பயமே இல்லாத மனிதர் எப்படி இருப்பார் என்பதற்கு மருத்துவத்தில் ஓர் உண்மையான ஆள் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அவருக்கு எஸ்.எம். என்று பெயர். அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் பெண். உர்பாக்-வீத்தே என்ற அரிய மரபணு நோயால் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா அழிந்துவிட்டது. பயம் எழுவதில் பெரும்பங்கு வகிக்கும் பகுதி அது.

அவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். இன்னும் ஆபத்தானதையும் தொட வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைக்காரர்தான் தடுத்தார். பேய் வீடு மாதிரி அலங்கரித்த பழைய மருத்துவமனைக்குள் விட்டார்கள். சிரித்துக்கொண்டே முன்னால் போனார். ஒருமுறை இரவில் பூங்காவில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தி வைத்தான். மறுநாளும் அதே பூங்கா வழியாகவே நடந்து போனார்.

இவரைத் துணிச்சல்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபத்தை ஆபத்தென்று அறிய முடியாததால் திரும்பத் திரும்ப ஆபத்தில் மாட்டிய ஒரு பெண். நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

2013இல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரு மூச்சு இழுக்க வைத்தபோது இதே பெண் அலறி முகமூடியைப் பிடுங்கினார். மூச்சு முட்டும் பயம் மூளையின் வேறு வழியில் வருகிறது போலும். ஆக, முழுக்கப் பயமற்றவர் என்று அவரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

10 ஜூன், மாலை

எங்கள் கூட்டத்துக்கு வரும் டீச்சர் அக்கா போனில் அழைத்து, "இதற்கு அயோவா வரை போக வேண்டுமா, 428ஆம் குறள் கையிலேயே இருக்கிறதே" என்றார்.

அஞ்சுவது அஞ்சாமை பேதைமை அஞ்சுவது
அஞ்சல் அறிவார் தொழில்.

சரிதான். அது வருவதும் அறிவுடைமை அதிகாரத்தில். ஆனால் இந்தக் குறளோடு நிறுத்தினால் லைன்மேன் அண்ணன் கம்பத்தடியிலேயே நின்றிருப்பார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சு என்பது பாதிதான். அஞ்சிய பிறகும் ஏறினாரே, அது மீதிப் பாதி.

20 ஜூன்

இன்று ஜூன் 20. வாச்சாத்தி நாள். எங்கள் பக்கத்து மாவட்டத்துக் கதை என்பதால் கூட்டத்தில் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டம், அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் இல்லை) வாழும் கிராமம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் இறங்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர் என்றால் எவ்வளவு பெரிய படை என்று நினைத்துப் பாருங்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், ஆடு மாடு கோழியைத் தின்றார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன் பிறகு அந்தப் பெண்களைத்தான் சிறையில் அடைத்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஊரே காலியாகக் கிடந்தது.

துணிச்சல் என்று நான் சொல்ல வருவது இதற்குப் பிறகு நடந்ததை.

சீருடைக்காரர்கள் செய்ததைச் சீருடைக்காரர்களிடமே போய்ச் சொல்ல வேண்டும். சொல்வது மலையடிவாரப் பழங்குடிப் பெண்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. பழங்குடி மக்களின் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் ஊருக்குள் போய்ப் பேசி, வெளியே கொண்டுவந்து, வழக்காக்கினார்கள். 1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. பிறகு அடையாள அணிவகுப்பு. வரிசையாக நிற்கும் ஆண்களுக்கு முன்னால் நடந்து போய், "இவர்" என்று கை காட்ட வேண்டும். அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறார், நம் ஊர்ப் பக்கமே இருக்கிறார். அந்தப் பெண் மாலையில் அந்தக் காட்டுப் பாதையில்தான் வீடு திரும்ப வேண்டும். கை காட்டினார்கள்.

அப்புறம் நீதிமன்றம். குறுக்கு விசாரணை. வாய்தா. மறுபடியும் வாய்தா. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரியில். 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள், ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. அவர்களில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு போனது. உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023இல் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவு.

31 ஆண்டுகள். 1992இல் கைக்குழந்தையோடு இருந்த பெண் பாட்டியாகியிருப்பார். இந்த 31 ஆண்டுகளில் "போதும், விட்டுவிடு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? சமாதானமாகப் போ, பணம் வாங்கிக்கொள், பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா, இப்படியெல்லாம். அந்த ஒவ்வொரு முறையும் அவர்கள் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

துணிச்சல் என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு கணம். தீயில் பாய்வது, வெள்ளத்தில் குதிப்பது. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணம் முடிந்துவிடும். இந்தப் பெண்களுடையது முடியவே இல்லை.

21 ஜூன்

"அது சகிப்புத்தன்மை, துணிச்சல் அல்ல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சகித்தவர் வீட்டில் இருந்திருப்பார். இவர்கள் சகிக்கவில்லை, அதனால்தான் வழக்கு.

14 ஜூலை

இரண்டாவது கூட்டம் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். துணிச்சலையே இன்னொரு மாதம் எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

டீச்சர் அக்கா புறநானூறு 279 எடுத்து வந்தார். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு பெண்ணின் வீட்டில் முன்பு நடந்த போரில் ஒரு ஆண் போனான், நேற்றைய போரில் கணவன் போனான், இன்று பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். எங்களுக்கெல்லாம் இது வீரத்தாய்க் கதையாகவே சொல்லித் தரப்பட்டது. மேடையில் முழங்கிப் பரிசு வாங்கியவர்கள் இன்றைய கூட்டத்திலேயே இருவர் இருந்தார்கள்.

அக்கா கேட்டது: போவது பையன், பாராட்டு அம்மாவுக்கா? அந்தப் பையனை யாராவது கேட்டார்களா?

ஓய்வு பெற்ற ராணுவத்துக்காரர் ஒருவர் உடனே மறுத்தார். "மகனை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது, என் அம்மாவைக் கேளுங்கள்" என்றார். அதற்கு மேல் யாராலும் எளிதாகப் பேச முடியவில்லை. அவர் எல்லையில் இருந்த காலத்தில் போன் வசதி கிடையாது. கடிதம்தான்.

எனக்குத் தோன்றியதை அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன். அந்தப் பாட்டு எடுத்த எடுப்பிலேயே "கெடுக சிந்தை, கடிதிவள் துணிவே" என்கிறது. பாடிய பெண்ணுக்கே உடல் நடுங்குகிறது. இப்படி ஒரு மனமா என்று மிரண்டு போய்ப் பாடுகிறார். நாம் அந்த நடுக்கத்தை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டோம். எண்ணெய் தடவும் இடத்தில் நின்றுதான் அந்தப் பாட்டைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடங்காமல் பறக்கும் சின்னப் பையனின் தலைமுடி அது.

அதோடு இன்னொன்று. ராணுவத்தில், முதல் சண்டையில் எதை நம்பிப் போனீர்கள் என்று தம்பி அவரிடம் கேட்டார். நாடு, கொடி என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். "பக்கத்தில் இருந்தவனை. அவன் ஓட மாட்டான் என்று தெரியும். நான் ஓடினால் அவன் மாட்டிக்கொள்வான் என்றும் தெரியும்" என்றார்.

லைன்மேன் அண்ணன் சட்டென்று நிமிர்ந்து, "எல்சி மாதிரிதான்" என்றார். போனின் அந்த முனையில் இருப்பவர் சொன்ன சொல்லை நம்பித்தான் இந்த முனையில் இருப்பவர் கம்பியைத் தொடுகிறார். அந்த ஆபரேட்டர் முகத்தைக்கூட அவர் பல நாள் பார்த்ததில்லையாம்.

15 ஜூலை

நேற்றைய இந்த இடத்திலிருந்து நான் நகரவே இல்லை. தம்பியின் முதல் கேள்வியில் எல்லாரும் பயத்தைப் பிடித்துக்கொண்டோம். அவர் சொன்ன இன்னொன்றை, "சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது" என்பதை, யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ரோசா பார்க்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரம், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானார். நாள் முழுக்கத் தையல் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒரு பெண், அன்றைக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை என்று கதை சொல்வார்கள். உண்மையில் அவர் அப்போது பல ஆண்டுகளாகக் கறுப்பின உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக வேலை செய்துகொண்டிருந்தவர். அதே ஆண்டு கோடையில் டென்னசியில் உள்ள ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், இனப் பாகுபாட்டை எப்படி எதிர்ப்பது என்ற பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர். அவர் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை உருட்டச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். அதன் பிறகு ஊரே 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தது.

அவருக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2 அன்று, அதே ஊரில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண்ணும் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். ஊர்த் தலைவர்கள் அவளை முன்னிறுத்திப் போராட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வயது, குடும்ப நிலை என்று காரணங்கள். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே துணிச்சல்தான். ஒருத்திக்கு ஊர் பின்னால் நின்றது. இன்னொருத்தி தனியாக நின்றாள். ஆனால் மறுவருடம் பேருந்துப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் சாட்சிக் கூண்டேறிய நான்கு மனுதாரர்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. தன்னைக் கைவிட்டவர்களுக்காகவும் சேர்த்துத்தான் அவள் சாட்சி சொன்னாள்.

28 ஜூலை

என் அனுபவம் ஒன்று. ஊர், நிறுவனம், ஆட்கள் எதையும் அடையாளம் தெரியும்படி எழுத மாட்டேன். வேலையிடத்துப் பாலியல் தொல்லைப் புகார்களில் பெயர் விவரங்களை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுத மாட்டேன்.

ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பக்கத்து மேசைப் பெண், வயதில் சின்னவள், ஒப்பந்த வேலை. மேலே இருந்த ஒருவர் மீது அவள் அப்படியொரு புகார் கொடுத்தாள். நடந்ததில் ஒரு பகுதி என் கண் முன்னால் நடந்தது. என் கண் முன்னால் மட்டுமில்லை, இன்னும் சிலர் இருந்தார்கள். விசாரணைக் குழு கூப்பிட்டபோது அவர்கள் கவனிக்கவில்லை, ஞாபகமில்லை, அன்று விடுப்பு என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வீட்டு விசேஷங்களுக்கு வந்தவர்கள், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி வந்தவர்கள்.

நான் சாட்சி சொல்லப் போகும் முன் இரவெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. உள்ளே போனதும் கை நடுங்கியது. மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சொன்னேன். வெளியே வந்த பிறகும் வெகு நேரம் நடுக்கம் நிற்கவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் "உங்களுக்குத் துணிச்சல் அதிகம்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு நிரந்தர வேலை. வீட்டில் இன்னொரு சம்பளம். வேலை போனாலும் அடுத்த மாத வாடகை நிற்காது. அவளுக்கு இது எதுவும் இல்லை. ஒரே மேசையருகே நின்று ஒரே உண்மையைச் சொன்னோம். அவள் கொடுத்த விலையும் நான் கொடுத்ததும் ஒன்றில்லை. ஒருவரின் துணிச்சலை அளக்க வேண்டுமென்றால் அவர் செய்ததை மட்டும் பார்த்தால் போதாது, இழக்க என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், எனக்குப் பிறகு நடந்தது. ஞாபகமில்லை என்றவர்களில் ஒருவருக்கு, நான் பேசியது தெரிந்த பிறகு, ஞாபகம் வந்தது. அவராகவே போய்ச் சொன்னார். முதல் வாரம் அவரிடம் இல்லாத துணிச்சல் அடுத்த வாரம் எங்கிருந்து வந்தது? பிறவியில் வந்ததாக இருக்க முடியாது.

29 ஜூலை

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை நேற்றிரவு ஞாபகம் வந்தது. கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்கிறார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவர் தவிர மற்றவர்கள் எல்லாரும் முன்பே பேசி வைத்தவர்கள். ஒரே குரலில் தவறான விடை சொல்கிறார்கள். உண்மையான மாணவர் என்ன செய்கிறார்? அப்படிப்பட்ட சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்த தவறான விடைகள். முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள்.

பிறகு அறையில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். ஒரே ஒருவர்தான். கூட்டத்தோடு போவது மிக மிகக் குறைந்துவிட்டது.

தம்பி, அந்த மாணவர்களின் பிறவி மாறவில்லை. பக்கத்து நாற்காலி மாறியது.

11 ஆகஸ்ட்

இன்றைய கூட்டத்தில் தம்பி என்னை மடக்கினார். இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"பக்கத்தில் ஆள் இருந்தால் துணிச்சல் வரும் என்கிறீர்கள் அக்கா. வாச்சாத்திக்குள் போன 269 பேருக்கும் பக்கத்தில் ஆள் இருந்ததே? தனியாக இருந்தால் அவர்களில் பாதிப்பேர் அதைச் செய்திருக்க மாட்டார்கள். கூட்டம் தந்த துணிச்சல்தானே அதுவும்?"

அறை அமைதியாகிவிட்டது. நல்ல கேள்வி, கொடுமையான கேள்வி. டீச்சர் அக்கா, "அது துணிச்சல் இல்லை, வெறி" என்றார். தம்பி விடவில்லை. பெயரை மாற்றிவிட்டால் வேறாகிவிடுமா என்றார். ராணுவத்துக்காரர் தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பதில் வரவில்லை.

12 ஆகஸ்ட்

இரவு முழுக்க யோசித்தேன். இப்போதைக்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவு.

அந்த 269 பேருக்கும் இழக்க எதுவும் இல்லை என்று நினைத்தார்கள். அதிகாரம் கையில், ஆயுதம் கையில், எதிரே வெறுங்கையோடு பெண்களும் குழந்தைகளும். விலையே கொடுக்காத செயலைத் துணிச்சல் கணக்கில் சேர்க்க மாட்டேன். இது முதல் பதில். ஆனால் முழுசாகத் திருப்தி இல்லை, ஏனென்றால் உயிரைக் கொடுக்கும் வெறியர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கூட்டத்துக்குள் போகிறவர் தன்னை அதில் தொலைத்துவிடுகிறார். யார் செய்தது என்று கேட்டால் "எல்லாரும்தான்" என்பார். நடுவில் ஒருவருக்கு உறுத்தினாலும் அந்த உறுத்தலைப் பக்கத்தில் இருப்பவர் அமுக்கிவிடுகிறார். சாட்சிக் கூண்டில் அப்படி முடியாது. சங்கம் வாசல் வரை வரும், தோழி படி வரை வருவாள், கூண்டுக்குள் அந்தப் பெண் மட்டும்தான். தன் பெயரைச் சொல்லி, தான் கண்டதைச் சொல்லி, "இவர்" என்று கை காட்ட வேண்டும். துணை நின்றவர்கள் அவளுக்குப் பதிலாகப் பேசவில்லை. அவள் பேசுவதற்கு இடம் செய்து கொடுத்தார்கள். ஆஷின் அறையில் இருந்த அந்த ஒருவரும் அப்படித்தான். மாணவரை எதையும் சொல்லத் தூண்டவில்லை. மாணவர் தன் கண்ணால் கண்டதைச் சொல்வதற்கு வழி விட்டார்.

ஆக, பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பது போதாது. அவர் நம்மை நம் கண்ணால் பார்க்க விடுகிறாரா, அல்லது கண்ணை மூடச் சொல்கிறாரா? ராணுவத்துக்காரருக்கு இதைப் போனில் படித்துக் காட்டினேன். "எங்கள் வேலையில் இரண்டும் உண்டு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த ஜூன் நாளில் அந்தப் படையிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், "நான் இதைச் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள்" என்று உரக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு என்னை விட மறுக்கிறது.

13 ஆகஸ்ட்

தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 1997இல் இதே ஆகஸ்ட் 13 அன்றுதான் உச்ச நீதிமன்றம், வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் தீர்ப்பு சொன்னது. நான் சாட்சி சொன்ன அந்தக் குழு என்ற ஏற்பாடே அதிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பின்னால் பன்வாரி தேவி இருக்கிறார். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமம். மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப் பணியாளர், மண்பாண்டம் செய்யும் சாதிப் பெண். ஆதிக்க சாதிக் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். 1992 செப்டம்பர் 22 அன்று பழிவாங்கினார்கள். வாச்சாத்தி நடந்த அதே ஆண்டு. அவர் புகார் கொடுத்தார். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது.

அவர் வழக்கைப் பார்த்துக் கொதித்த பெண்கள் அமைப்புகள், வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு யார் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013இல் அது சட்டமானது. கீழமை நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைக்காத நீதி, இன்று சேலத்திலும் திருப்பூரிலும் அலுவலகம் போகும் பெண்களுக்குச் சட்டமாகக் கிடைத்திருக்கிறது. அவர்களில் பலருக்குப் பன்வாரி தேவியின் பெயர் தெரியாது. இதை நினைத்தால் நன்றி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம் வருகிறது.

துணிச்சல் ஜெயிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு இவர் வாழ்க்கையைக் காட்ட வேண்டும். அவர் ஜெயிக்கவில்லை. அவருடைய துணிச்சல் அதனால் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை.

8 செப்டம்பர்

இந்த மாதம் வேறு பொருள் எடுத்துவிட்டோம், நிலத்தடி நீர். ஆனாலும் கூட்டம் முடிந்ததும் பேச்சு இங்கேயே வந்தது. தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "சிலருக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கத்தான் செய்கிறது அக்கா, உங்கள் அலுவலகத்தில் முதலில் போனது அந்தப் பெண்தானே, அவளுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்றார். உண்மை. அவளுக்கு முன்னால் யாரும் போகவில்லை. முதலில் போகிறவர்களைப் பற்றி என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது. இரண்டாவதாகப் போவதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அது எல்லாராலும் முடியும்.

10 செப்டம்பர்

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்குப் புகார் கொடுப்பது எப்படி என்று இழையைப் படித்த ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இன்னும் சிலருக்கும் இதே நிலை இருக்கலாம் என்பதால் பதிலைப் பொதுவில் போடுகிறேன்.

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலை என்றால் எழுத உதவுவது குழுவின் பொறுப்பு. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை, பட்டறை, அல்லது புகாரே முதலாளி மீது என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, வீட்டு வேலை செய்யும் பெண்களும் அங்கே போகலாம். குழுத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், நிறுவனத்தின் உள் குழு என்றால் வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது உங்களுக்கு இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அந்த விடுப்பு உங்கள் வழக்கமான விடுப்பில் கழியாது.

இன்றே ஒரு நோட்டு எடுத்து, நடந்தவற்றைத் தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். எழுதியதை யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்றால் என்னிடம் அனுப்பலாம். குழுவுக்குப் போகும் நாளில் வாசல் வரை யாராவது வர வேண்டும் என்றால் நான் வருகிறேன், சேலம், நாமக்கல், தருமபுரி எதுவானாலும் சரி. டீச்சர் அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.